உள்வீட்டு ஆட்சி: தமிழ்ப் புனைகதையில் குடும்ப எதேச்சாதிகாரமும் அதன் முகவர்களும் (1893–2004)

ஆய்வுச்சுருக்கம்

தமிழ்ப் புனைகதையில் சித்திரிக்கப்படும் குடும்ப அடக்குமுறை, கொடிய மாமியார், முரட்டுத் தந்தை, கண்டிப்பான தாய்மாமன் என்னும் தனிமனித இயல்புகளின் விளைவாகவே பெரும்பாலும் வாசிக்கப்பட்டுள்ளது. இக்கட்டுரை அதனை ஒப்படைக்கப்பட்ட அதிகாரமாக வாசிக்க முயல்கிறது. சொத்துரிமை ஒருவரிடம் இருக்க, அன்றாட ஆட்சியை உரிமையற்ற மற்றொருவர் நடத்துவதே இப்புனைவுகளில் திரும்பத் திரும்பக் காணப்படும் அமைப்பு. கமலாம்பாள் சரித்திரம் முதல் இரண்டாம் ஜாமங்களின் கதை வரையிலான தேர்ந்த படைப்புகள், அவற்றின் காலத்துக் குடும்பச் சட்டங்களோடு இணைத்து ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: குடும்ப அதிகாரம், மிதாட்சரம், மாமியார், சமையலறை, சொத்துரிமை, தமிழ் நாவல்

முன்னுரை

குடும்பத்துக்குள் செயற்படும் அதிகாரம் ஆவணங்களில் அரிதாகவே பதிவாகிறது. பாகப்பிரிவினை வழக்கு, ஜீவனாம்ச வழக்கு, தத்து வழக்கு என்று குடும்பம் நீதிமன்றத்தின் வாயிலை மிதித்த பின்னரே அது காகிதத்தில் இடம்பெறுகிறது. எனவே நமக்குக் கிடைக்கும் சான்றுகளுள் பெரும்பாலானவை உடைந்த குடும்பங்களைப் பற்றியவை. உடையாமல் நிலைத்த வீட்டில் யார் முதலில் உண்டார், யார் மிச்சத்தை உண்டார், கொத்துச்சாவி எவர் இடுப்பில் தொங்கியது, மகள் எந்த வயதில் வாசற்படியைத் தாண்டுவதை நிறுத்தினாள் என்பனவற்றை வழக்கேடோ மக்கள்தொகைக் கணக்கெடுப்போ சொல்வதில்லை. இவ்விடத்தில் புனைகதை வரலாற்றாய்வாளருக்குத் தவிர்க்க இயலாத சான்றாகிறது.

சான்று எனினும் ஐயத்துடன் கையாள வேண்டிய சான்று. தொடக்ககால நாவலாசிரியர் பெரும்பாலும் ஆங்கிலக் கல்வி பெற்ற பிராமண ஆடவர். அவர்களுள் சிலர் சீர்திருத்த நோக்கினர். அவர்கள் எதைக் கண்டிக்க எழுதினார்களோ அதனை மிகைப்படுத்தியிருக்கக் கூடும். கண்டிக்கும் எண்ணமின்றி, கதையின் பின்னணியாகப் போகிறபோக்கில் எழுதிச் சென்றவற்றையே இக்கட்டுரை கூடுதலாக நம்புகிறது.

எதேச்சாதிகாரம் என்னும் சொல் இங்குக் கடுமையைக் குறிக்கவில்லை. காரணம் கூற வேண்டாத, முறையிட இடம் தராத அதிகாரத்தையே குறிக்கிறது. மென்மையாகப் பேசும் குடும்பத் தலைவரிடமும் அது இருக்கலாம். தமிழ்ப் புனைகதை அதனை நன்கு அறிந்திருந்தது என்பதற்கு முதற்சான்று, நல்ல மனிதர் ஒருவரைத் தலைவராகக் கொண்ட நாவலிலேயே கிடைக்கிறது.

சிறுகுளத்துப் பெரியவர்

பி. ஆர். ராஜமையரின் கமலாம்பாள் சரித்திரம் 1893 முதல் 1895 வரை விவேக சிந்தாமணி இதழில் தொடராக வெளிவந்து, 1896இல் நூலாயிற்று. சிறுகுளம் என்னும் சிற்றூரில் வாழும் முத்துஸ்வாமி ஐயர் கூட்டுக்குடும்பத்தின் மூத்தவர். பண்பாளர், மனைவி கமலாம்பாளிடம் அன்புடையவர். தம்பி சுப்பிரமணிய ஐயரின் மனைவி பொன்னம்மாளின் பொறாமையால் அக்குடும்பம் பிளவுபடுகிறது. ஊர்ப் பெண்கள் கூடி வம்பு பேசும் கூட்டத்துக்கு ஆசிரியர் வம்பர் மகாசபை என்று நகைச்சுவையோடு பெயரிட்டார். அப்பெயர் தமிழ் இலக்கிய விமர்சனத்தில் நிலைத்தும் விட்டது.

பொன்னம்மாளை ஆசிரியர் தீயவளாகவே படைத்துள்ளார். அதில் ஐயமில்லை. ஆயினும் மிதாட்சர முறைப்படி அவளுடைய நிலை என்ன என்று வினவினால் காட்சி சற்று மாறுகிறது. அம்முறையில் மகன்கள் பிறப்பாலேயே குடும்பச் சொத்தில் உரிமை பெறுவர். மூத்த ஆடவர் கர்த்தாவாக இருந்து நிருவகிப்பார். வீட்டுக்கு வந்த மருமகளுக்கு உணவும் உடையும் கேட்கும் உரிமை உண்டே ஒழிய, நிருவாகத்தைப் பற்றி ஒரு சொல் கேட்கும் உரிமை இல்லை. பிரிவினை கோரக் கூடியவன் கணவன் மட்டுமே. ஆகவே அவள் தன் விருப்பத்தை நிறைவேற்ற இரண்டு வழிகளே எஞ்சின. ஒன்று கணவனின் செவி, மற்றொன்று ஊரின் வாய். சூழ்ச்சி என்று நாவல் அழைப்பது இவ்விரண்டையும் பயன்படுத்தியதைத்தான். வம்பர் மகாசபையைச் சிரித்துக்கொண்டே கடந்துவிடும் நாம், ஊரில் பெண்கள் கூடிப் பேசுவதற்கு வேறெந்தச் சபை இருந்தது என்று வினவியதில்லை.

இந்நாவலின் மிகப் பெரிய எதேச்சாதிகாரச் செயலைப் புரிபவள் பொன்னம்மாளும் அல்லள். கமலாம்பாளைப் பற்றிய அவதூறு காதில் விழுந்ததும் முத்துஸ்வாமி ஐயர் மனமுடைந்து வீட்டைவிட்டு வெளியேறுகிறார். ஆபத்துக்கிடமான அபவாதம் என்று நூலுக்கு மற்றொரு பெயர் இருப்பதும் அதனாலேயே. குற்றம் சாட்டப்பட்டவளின் பக்கத்தைக் கேட்க வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. கேட்கும்படி அவரை வற்புறுத்தும் இடமும் அவளுக்கு இல்லை. ஆசிரியர் இதனைத் துறவுக்கும் ஞானத்துக்குமான முதற்படியாக அமைக்கிறார். கமலாம்பாளின் பக்கமிருந்து நோக்கினால், விசாரணையின்றி அளிக்கப்பட்ட தீர்ப்பு அது. ஓங்கிய குரலோ அடித்த கையோ அந்த வீட்டில் இல்லை.

மாமியார் என்னும் பதவி

அ. மாதவையா 1892இல் சாவித்திரி சரித்திரம் என்னும் கதையை விவேக சிந்தாமணியில் தொடங்கினார். அது இடையில் நின்றது. பின்னர் 1903இல் முத்துமீனாட்சி என்னும் பெயரில் முழுமை பெற்றது. பிராமணச் சிறுமி ஒருத்தி தன் வாழ்க்கையைத் தானே கூறுவதாக அமைந்த இந்நூல் குழந்தை மணம், புகுந்த வீட்டுக் கொடுமை, இளம் விதவை நிலை, மறுமணம் என நகர்கிறது. சம்மத வயதைப் பன்னிரண்டாக உயர்த்திய 1891ஆம் ஆண்டுச் சட்டத்தைச் சுற்றி எழுந்த வாதங்கள் ஓயாத காலத்தில் இக்கதை முதன்முதலில் தொடங்கப்பட்டது என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

பெண்ணின் குரலை ஓர் ஆடவர் எழுதியது பற்றிப் பலர் விவாதித்துள்ளனர். இங்கு அதனை விரிக்கவில்லை. நம் ஆய்வுக்கு வேண்டியது, கொடுமையின் முகமாக மாமியார் நிறுத்தப்படும் முறை. நாட்டுப்புறப் பாடல், பழமொழி, பின்னாளைய திரைப்படம், தொலைக்காட்சித் தொடர் என எங்கும் காணப்படும் இந்த உருவத்தை நாம் இயல்பானதாக ஏற்றுப் பழகிவிட்டோம். மாமியாரின் சட்டநிலையை மருமகளின் சட்டநிலைக்கு அருகே வைத்துப் பார்த்தால் அந்த இயல்பு கலைகிறது.

1937க்கு முன், பிரிவினையாகாத குடும்பத்தில் கணவன் இறந்தால் அவனுடைய பங்கு எஞ்சிய ஆடவரைச் சேர்ந்தது. மனைவிக்கு ஜீவனாம்சம் மட்டுமே. அந்த ஜீவனாம்சத்தைத் தரப்போவது மகன் அல்லது மைத்துனன். எனவே முதுமைக்கு ஒரு பெண் சேர்த்து வைக்கக் கூடிய ஒரே முதல், மகன் தன்பால் கொள்ளும் பற்று. அந்தப் பற்றைப் பங்கிட வருபவள் மருமகள். மாமியார் மருமகளைக் கணவனோடு பேச விடாமல் தடுப்பதும், உணவை அளந்து இடுவதும், பிறந்த வீட்டுச் சீரைப் பற்றிப் பழிப்பதும் மனக்கோணலால் மட்டும் நிகழ்வனவல்ல. ஓய்வூதியம் இல்லாத பதவியொன்றில் இருப்பவர் தம் இடத்தைக் காத்துக்கொள்ளும் செயல்கள் அவை.

மாமியாரை மன்னிப்பதற்காக இதனைக் கூறவில்லை. அடிபட்டவளுக்கு, அடித்தவரின் பொருளாதார நிலை ஆறுதலாகாது. ஆனால் மாமியாரைக் கொடியவளாகக் காட்டி முடித்துவிடும் கதையில் மாமனாரும் கணவனும் தப்பிவிடுகின்றனர். முத்துமீனாட்சி போன்ற கதைகளை மீண்டும் வாசிக்கும்போது அந்த ஆடவரின் மௌனத்தையே கவனிக்க வேண்டும். உள்வீட்டில் நடப்பது பெண்கள் விவகாரம் என்று ஒதுங்கும் உரிமை சொத்துடையவருக்கே உண்டு. அடக்குமுறையின் பயன் அவரைச் சேர்கிறது. பழி முகவரைச் சேர்கிறது.

மாதவையா காட்டும் தீர்வு மறுமணம். 1856ஆம் ஆண்டின் விதவை மறுமணச் சட்டம் அதற்கு வழி திறந்திருந்தது. ஆயினும் அதே சட்டத்தின் இரண்டாம் பிரிவு, மறுமணம் செய்யும் விதவை முதற்கணவன் வழி வந்த சொத்துரிமையை இழப்பாள் என்று விதித்தது. வெளியேறலாம், வெறுங்கையோடு. அவ்வீட்டில் மாமியாரின் இருக்கை அப்படியே இருக்கும். வேறொரு மருமகள் வருவாள். மாதவையாவின் துணிவை மதிக்கும் அதே வேளையில், கதாநாயகியை வெளியே கொண்டுவந்த அவர் அவ்வீட்டைத் தொடாமல் விட்டார் என்பதையும் குறிக்க வேண்டும்.

புத்தம் வீட்டின் பெயர்

அறுபது ஆண்டுகள் கழித்து, முற்றிலும் வேறான நிலத்திலிருந்து வந்தது ஹெப்சிபா ஜேசுதாசனின் புத்தம் வீடு (1964). களம் தென் திருவிதாங்கூரின் பனைவிளைகள். மாந்தர் நாடார் கிறித்தவர். ஒருகாலத்தில் செல்வாக்குடன் இருந்து நொடிந்துபோன வீட்டில் முதியவர் கண்ணப்பச்சி தலைவராக இருக்கிறார். பேத்தி லிஸி பனையேறும் இளைஞன் தங்கராஜை விரும்புகிறாள். இருவரும் ஒரே சாதியினரே. ஆனால் விளையை உடைய வீடும் பனையேறும் வீடும் ஒன்றாகிவிடா.

இந்நாவலில் அதிகாரம் பேசப்படுவதே குறைவு. துள்ளித் திரிந்த சிறுமி பருவம் எய்தியதும் பள்ளி நின்றுவிடுகிறது. வீட்டின் எல்லைக்குள் அவள் உலகம் சுருங்குகிறது. இது ஒரு கட்டளையாகப் பிறப்பிக்கப்படுவதில்லை. அந்த வீட்டுப் பெண்கள் அப்படித்தான் இருப்பார்கள் என்பதே போதுமானது. சொத்து ஏறத்தாழக் கரைந்த பின்னரும் அதிகாரம் கரையவில்லை. அது இப்போது வீட்டின் பெயரில் தங்கியிருக்கிறது. அப்பெயரைக் காக்கும் பொறுப்பு குடித்துச் சீரழியும் ஆடவர் மீது விழவில்லை, லிஸி மீது விழுந்தது. சித்தப்பாவின் மகள் லில்லிக்குக் கிட்டும் படிப்பையும் திருமணத்தையும் லிஸியின் நிலையோடு அருகருகே வைக்கும் ஆசிரியர், ஒரே பெயருக்குள் எவ்வளவு வேறுபாடு இயலும் என்பதையும் காட்டிவிடுகிறார்.

சட்டப் பின்புலமும் இங்கு வேறு. 1916ஆம் ஆண்டுத் திருவிதாங்கூர் கிறித்தவ வாரிசுரிமைச் சட்டத்தின் பொது விதி, மகளின் பங்கை மகனின் பங்கில் கால் பகுதி அல்லது 5,000 ரூபாய், இவற்றுள் எது குறைவோ அது என்று வரையறுத்தது. உச்ச நீதிமன்றம் 1986இல் மேரி ராய் வழக்கில் தீர்ப்பளிக்கும்வரை இச்சட்டத்தின் நிழல் அப்பகுதிக் கிறித்தவப் பெண்கள் மீது கிடந்தது. மதம் மாறியது, மகளை வீட்டின் கடனாளியாகக் காணும் கணக்கு மாறவில்லை. லிஸியின் எதிர்ப்பு காத்திருத்தல்தான். வேறு மணத்துக்கு இசையாமல் அவள் காத்திருக்கிறாள். வீடு மெல்லத் தளர்கிறது. முத்துமீனாட்சியைப் போல அவள் வெளியேற்றப்படாமல், அவ்வீட்டின் ஒப்புதலையே பெறுகிறாள் என்பது இரண்டு நாவல்களுக்கும் இடைப்பட்ட காலத்தின் வேறுபாடு.

பவானியம்மாளும் அலங்காரத்தம்மாளும்

தி. ஜானகிராமனின் அம்மா வந்தாள் (1966) வெளிவந்தபோது எழுந்த எதிர்ப்பு, அலங்காரத்தம்மாளின் மணவாழ்வுக்கு அப்பாற்பட்ட உறவைப் பற்றியதாக இருந்தது. பின்வந்த விவாதமும் பெரும்பாலும் அதே இடத்தில் நின்றுவிட்டது. குடும்ப அதிகாரம் என்னும் நோக்கில் இந்நாவலின் மையச் செயல் வேறு: ஒரு தாய் தன் மகனைச் சிறுவயதில் வேதபாடசாலைக்கு அனுப்பிவிடுகிறாள். அப்பு அங்குக் கழிக்கும் பதினாறு ஆண்டுகள், அவனுடைய விருப்பத்தாலோ குடும்பத்தின் தேவையாலோ கழிந்தவையல்ல. தன் பிழைக்குக் கழுவாயாக மகனைத் தூய்மையின் வைப்புத்தொகை போல அவள் சேமித்து வைக்கிறாள். காரணம் அவனிடம் கூறப்படவில்லை. முன்னுரையில் குறித்த வரையறைக்கு இதனினும் பொருந்தும் எடுத்துக்காட்டு தமிழில் குறைவு.

தந்தை தண்டபாணி அனைத்தையும் அறிந்து அமைதியாக இருக்கிறார். ஆணாதிக்கம் என்னும் ஒற்றைச் சொல்லால் இவ்வீட்டை விளக்க இயலாது. அலங்காரத்தம்மாளின் ஆளுமை முழுவீட்டையும் ஆள்கிறது. எனினும் அந்த ஆட்சிக்குப் பிள்ளைகளைத் தவிர வேறு பொருள் இல்லை. நிலமோ வருமானமோ இல்லாதவள் தன் கணக்கைத் தீர்த்துக்கொள்ள மகனின் வாழ்நாளைச் செலவிடுகிறாள்.

இவளுக்கு எதிர்ப்புறத்தில் ஜானகிராமன் பவானியம்மாளை நிறுத்துகிறார். காவிரிக் கரையில் பாடசாலையை நடத்தும் விதவை. சொத்து அவர் கையில் உள்ளது. அவரும் அதிகாரம் செலுத்துபவரே. ஆனால் அவ்வதிகாரத்துக்குச் சூழ்ச்சி தேவைப்படுவதில்லை, இறுக்கிப் பிடிக்கும் அச்சமும் இல்லை. இளம் விதவையான இந்து அப்புவிடம் கொண்ட விருப்பம் அந்த வீட்டின் கூரைக்குக் கீழேயே வளர இயல்கிறது. சொத்துடைய விதவையின் வீட்டில் காணும் தளர்வையும், சொத்தற்ற சுமங்கலியின் வீட்டில் காணும் இறுக்கத்தையும் ஆசிரியர் ஓர் ஆய்வுரையாகத் திட்டமிட்டிருப்பார் என்று நான் கருதவில்லை. திட்டமிடாமல் அமைந்தது என்பதே அதன் சான்று மதிப்பைக் கூட்டுகிறது.

சம்பளம் வாங்கும் மருமகள்

கூட்டுக்குடும்பத் தலைமையைச் சட்டத்தளத்தில் அசைத்தவற்றுள் சம்பளத்துக்குத் தனியிடம் உண்டு. குடும்பச் செலவில் பெற்ற சிறப்புக் கல்வியால் ஈட்டும் வருமானம் குடும்பச் சொத்தே என்பது பழைய நிலைப்பாடு. 1890களில் சென்னைச் சட்டமன்றத்தில் வி. பாஷ்யம் ஐயங்கார் இதனை மாற்ற மசோதா கொண்டுவந்தார், அது சட்டமாகவில்லை. 1921இல்கூட இந்திய சிவில் சர்வீஸ் அலுவலர் ஒருவரின் வருமானம் கூட்டுக்குடும்பத்துக்கு உரியது என்றே பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. 1930ஆம் ஆண்டின் இந்து கல்விவழி ஈட்டச் சட்டமே படித்தவனின் சம்பளத்தை அவனுக்கு உரியதாக்கியது. உப்பு இலாகாவில் பணியாற்றிய மாதவையாவின் தலைமுறை இந்த இடைவெளிக்குள் வாழ்ந்த தலைமுறை. மனத்தளவில் தனியர், சட்டத்தளவில் கூட்டுக்குடும்பத்தின் உறுப்பினர்.

இச்சட்டம் மகன்களைப் பற்றியது. மகள் சம்பளம் வாங்கத் தொடங்கியபோது என்ன நிகழ்ந்தது என்பதற்கு ஜெயகாந்தனின் சில நேரங்களில் சில மனிதர்கள் (1970) சான்று பகர்கிறது. கங்கா படித்தவள், பொறுப்புள்ள பணியில் இருப்பவள், தன் வருமானத்தில் வாழ்பவள். இளவயதில் நேர்ந்த வன்முறைக்காக அண்ணன் கணேசனால் வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டவள். அவளைப் படிக்க வைத்தவர் தாய்மாமன் வெங்கட்ராமய்யர். வழக்கறிஞர், சாஸ்திரம் அறிந்தவர். கங்காவை யாரும் மணக்க மாட்டார்கள், எவருக்கேனும் ஆசைநாயகியாகத்தான் இருக்க இயலும் என்று தர்மத்தின் பெயரால் முடிவுகட்டும் அவரே, பாதுகாவலர் என்னும் இடத்தைப் பயன்படுத்தி அவளை நெருங்கவும் முயல்கிறார்.

1955, 1956ஆம் ஆண்டுகளின் இந்துத் திருமணச் சட்டமும் வாரிசுரிமைச் சட்டமும் நடைமுறைக்கு வந்து பத்தாண்டுகள் கடந்துவிட்ட காலம் அது. வழக்கறிஞரான மாமனுக்கு அவை தெரியாமல் இருக்க வழியில்லை. நீதிமன்றத்தில் ஒரு சட்டமும் வீட்டுக்கூடத்தில் மற்றொரு சட்டமுமாக அவர் வாழ்கிறார். இங்கு அதிகாரத்தின் ஆதாரம் சொத்தன்று, நன்றிக்கடன். படிக்க வைத்தேன் என்ற ஒரு சொல்லுக்கு எதிராகக் கங்காவின் மாதச் சம்பளம் எதையும் செய்ய இயலவில்லை. ஆதரவற்ற தாய் கனகத்தோடு வாழும் பெண், கொடுத்தவரிடம் கொடையைத் திருப்பிக் கொடுத்து விடுபட முடியாது. அது காசாகக் கொடுக்கப்பட்டதன்று. பொருளாதார விடுதலை வந்தால் மற்றவை தாமே வரும் என்னும் நம்பிக்கை வலுவாக இருந்த ஒரு காலத்தில் ஜெயகாந்தன் இதனை எழுதினார் என்பதை மனத்திற் கொள்ள வேண்டும்.

ஜீஜியின் சாவிக்கொத்து

ஒப்படைக்கப்பட்ட அதிகாரத்தை ஒரு கட்டடமாகவே வரைந்து காட்டிய கதை அம்பையின் வீட்டின் மூலையில் ஒரு சமையலறை. 1988இல் வெளிவந்த தொகுதிக்கும் இதுவே தலைப்பு. கதை நிகழும் குடும்பம் ராஜஸ்தானைச் சேர்ந்தது. தமிழ்க் கதை ஒன்று அஜ்மீர் வரை செல்ல வேண்டுமா என்று கேட்போர் உண்டு. தென்னாட்டிலிருந்து மருமகளாகச் செல்லும் மீனாட்சியின் கண்வழி நோக்கும்போது, அவள் அறிந்த வீடுகளின் அமைப்பும் கூடவே தெரிகிறது. வேற்றிடத்தில் வைத்துக் காட்டியதால்தான் நம் வீடுகளின் இரண்டாம் கட்டு நமக்குப் புலப்படுகிறது எனலாம்.

பாபாஜி கட்டிய பெரிய வீட்டில் சமையலறை ஒட்டவைத்தது போல ஒரு மூலையில் கிடக்கிறது. இருள், புழுக்கம், ஒழுகும் நீர். அதன் வெளியே மலைக் காட்சி. வராந்தாவை விரிவாக்கலாம், சாளரத்தைப் பெரிதாக்கலாம் என்று மீனாட்சி கூறுகிறாள். பாபாஜி சினம் கொள்வதில்லை, விவாதிப்பதும் இல்லை. சின்னாட்களில் அங்குத் துணி உலர்த்தக் கொடி கட்டப்படுகிறது. உலரும் துணிகள் மலையை மறைத்துவிடுகின்றன. மறுப்பு என்று ஒரு சொல் உதிர்க்கப்படவில்லை. தமிழ்ப் புனைகதையில் எதேச்சாதிகாரம் இவ்வளவு நாகரிகமாக, இவ்வளவு முழுமையாகச் செயற்படும் காட்சி வேறொன்று எனக்கு நினைவுக்கு வரவில்லை.

பாபாஜி அந்தச் சமையலறைக்குள் நுழைவதில்லை. அதன் அரசி அவர் மனைவி ஜீஜி. அவர் மருமகளுக்கு அளிக்கும் அறிவுரை இக்கட்டுரையின் பொருளுக்கு மிக இன்றியமையாதது. சமையலறையின் பிடியைக் கைவிடாதே, அணிகலன்களைக் கழற்றாதே, உன் வலிமை அவற்றில்தான் இருக்கிறது என்பது அதன் சாரம். இதனை அறியாமை என்று தள்ளிவிட இயலாது. ஜீஜி தம் ஆட்சிப்பரப்பைத் துல்லியமாக அளந்து வைத்திருக்கிறார். அந்த அளவுக்குள் எத்தனை பேருக்கு எப்போது எவ்வளவு உணவு என்பதைத் தீர்மானிப்பவர் அவரே; அளவுக்கு வெளியே ஒரு சாளரத்தைப் பெரிதாக்கவும் அவரால் இயலாது. முத்துமீனாட்சியின் காலத்து மாமியாரை நாம் வெளியிலிருந்தே கண்டோம். எண்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் ஒரு பெண் எழுத்தாளர் அம்மாமியாரை உள்ளிருந்து பேச வைத்தார்.

கதையின் இறுதியில், நோயுற்றுக் கிடக்கும் ஜீஜியிடம் இருளில் மீனாட்சி பேசுகிறாள். அந்த வலிமை உங்களுடையதன்று, விட்டுவிடுங்கள் என்பது போன்ற பேச்சு. மருமகள் மாமியாரைக் குற்றம் சாட்டாமல் பதவியிலிருந்து விடுவிக்க முனையும் இக்காட்சிக்கு முன்னோடி தமிழில் இருப்பதாகத் தெரியவில்லை.

சொத்தில்லாத வீடும் பங்குள்ள மகளும்

இதுவரை கூறியவற்றுக்கு இரண்டு திசைகளிலிருந்து தடை எழுப்பலாம், இரண்டும் வலுவானவை.

முதலாவது, ஒப்படைக்கச் சொத்தே இல்லாத குடும்பம். இமையத்தின் கோவேறு கழுதைகள் (1994) தலித் மக்களுக்குத் துணி வெளுக்கும் புதிரை வண்ணார் குடும்பத்தைப் பற்றியது. ஆரோக்கியம் உறுதி மிக்க பெண்; கணவன் சவுரியைக் காட்டிலும் குடும்பத்தை நடத்துபவள் அவளே. ஆயினும் அவள் வீட்டின் மீதான அதிகாரம் வீட்டுக்குள் இல்லை, காலனித் தெருவில் இருக்கிறது. மகள் மேரிக்கு நேர்ந்த வன்முறையை வெளியில் சொல்ல இயலாமல் விழுங்க வேண்டியிருப்பது, சோறு எடுக்கும் வீடுகளை இழக்க நேரும் என்பதால். இங்குக் குடும்ப எதேச்சாதிகாரம் என்னும் கருத்தையே கவனமாகக் கையாள வேண்டும். தாய் மகளை அடக்குவது போலத் தோன்றும் இடத்தில், தாயை அடக்கும் ஊர் நிற்கிறது. தஞ்சைக் கூடத்துக்கும் அஜ்மீர்ச் சமையலறைக்கும் பொருந்திய அளவுகோல் இவ்வீட்டுக்கு அப்படியே பொருந்தாது.

இரண்டாவது தடை இதனினும் கடினமானது. இஸ்லாமியச் சட்டப்படி மகளுக்கு மகனின் பங்கில் பாதி உண்டு. அது புதிய சீர்திருத்தமன்று, தொன்றுதொட்ட உரிமை. சொத்தின்மையே அடிமைத்தனத்தின் வேர் என்றால் சல்மாவின் இரண்டாம் ஜாமங்களின் கதை (2004) காட்டும் சிற்றூரில் பெண்களின் நிலை வேறாக இருந்திருக்க வேண்டும். அவ்வாறில்லை. பெண்கள் திரையரங்குக்குச் செல்வதைத் தடுக்க ஊரே கூடுகிறது; சிறுமி ராபியாவின் உலகம் பருவத்தை நோக்கி நாளுக்கு நாள் சுருங்குகிறது. கணவனை ஏற்க மறுத்துத் தாய்வீடு திரும்பிய பிர்தவ்ஸ், வேற்று மதத்தவனோடு கொண்ட உறவு வெளிப்பட்டதும், தன் தாய் ஆமினாவின் கையாலேயே நஞ்சைப் பெறுகிறாள். ஆமினா கொடியவள் அல்லள். மகளிடம் பேரன்புடைய தாய். ஜமாஅத்தின் தீர்ப்பை, அது கூறப்படுவதற்கு முன்னரே நிறைவேற்றிவிடும் முகவர் அவர்.

சட்டம் தந்த பங்கு வீட்டின் நடுமுற்றம்வரை வந்து சேர்வதில்லை என்பதே இந்நாவல் எழுப்பும் செய்தி. இது ஒரு சமயத்தாருக்கு மட்டும் உரியதன்று. பெண்களுக்குச் சம சொத்துரிமை வேண்டும் என்று 1929இல் செங்கற்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானம் இயற்றியது. 1937ஆம் ஆண்டுச் சட்டம் விதவைக்கு வரம்புக்குட்பட்ட உரிமை அளித்தது. வேளாண் நிலத்துக்கு அது பொருந்தாது என்று 1941இல் கூட்டாட்சி நீதிமன்றம் கருத்துரைத்தது. தமிழ்நாட்டில் 1989ஆம் ஆண்டுத் திருத்தம் மகளையும் பிறப்பாலேயே பங்காளி ஆக்கியது. நாடு முழுவதற்கும் அது 2005இல்தான் வந்தது. இவ்வளவுக்கும் பின்னர் தமிழக வீடுகளில் வழக்கமாகிவிட்டது விடுதலைப் பத்திரம். திருமணச் சீரைக் காரணம் காட்டி, பெண்கள் தம் பங்கை உடன்பிறந்த ஆடவருக்கு விட்டுக்கொடுத்து எழுதித் தரும் ஆவணம் அது. எவருடைய தூண்டுதலும் இன்றி மனமுவந்து எழுதிக்கொடுப்பதாக அதில் வாசகம் அமையும்.

சார்பதிவாளர் அலுவலகங்களில் இப்பத்திரங்கள் கட்டுக்கட்டாக உள்ளன. மனமுவந்து என்னும் அச்சொல்லின் பின்னே தாய் என்ன பேசினாள், அண்ணி எவ்வாறு விருந்து படைத்தாள், தகப்பனார் எந்த நாற்காலியில் பேசாமல் அமர்ந்திருந்தார் என்பனவற்றைப் பத்திரம் கூறாது. முத்துமீனாட்சியின் மாமனாரையும், பாபாஜி கட்டிய துணிக்கொடியையும், ஆமினாவின் கையையும் வாசித்த ஆய்வாளர் அப்பத்திரங்களை எடுத்துப் புரட்டும்போது, கையெழுத்திட்டவரின் பெயருக்குக் கீழே சாட்சிகளாக எவரெவர் ஒப்பமிட்டுள்ளனர் என்பதையே முதலில் நோக்க வேண்டியிருக்கும்.